போகாத நாட்டிலிருந்து திரும்பியவள்

பேச்சியம்மாள் சலோனா தீவில் வேலை பார்க்கிறாள் என்றால் சுரண்டைக்காரர்கள் சிரிப்பார்கள். சுரண்டையில் வேலை பார்க்கிறாள் என்றால் சலோனாக்காரர்கள் சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே இருந்ததால், அவளுக்கு அடிபட்டபோது கூட நின்று அழ ஒரு நாடும் கிடைக்கவில்லை.

சங்கரன்கோவில் ரோட்டில், யோகம் போய் முகூர்த்தம் எதுவும் வராமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தைத் 'தூரக்கை' என்ற கம்பெனி வாடகைக்குப் பிடித்திருந்தது. பந்தி நடந்த ஹாலில் இப்போது வரிசையாக நாற்காலிகள். நாற்காலிக்கு ஒரு பெண். கண்ணை மறைத்து ஒரு முகமூடி, இரண்டு கைக்கும் உறை, காலுக்குக் கீழே தையல் மெஷின் மாதிரி ஒரு மிதி. இங்கே பேச்சி கையைத் தூக்கினால், கடலைத் தாண்டிச் சலோனாவில் ஒரு பணக்கார வீட்டு அடுப்படியில் அவளுடைய பொம்மை கையைத் தூக்கும். மிதித்தால் அது நடக்கும். பேசினால், கருவி அதை அந்த ஊர்ப் பாஷைக்கு மாற்றி, பொம்மையின் வாய் வழியாகத் தேனொழுக விடும். பொம்மை என்றால் ஆள் உயரம், வெள்ளை உடம்பு, முகத்தில் எப்போதும் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பை மட்டும் பேச்சியால் அடக்க முடியாது. கம்பெனியே ஒட்டி அனுப்பியது.

கை உறையில் ஒரு சூட்சுமம் உண்டு. பொம்மை எதைத் தொட்டாலும் அந்த அழுத்தம் இவள் கைக்கும் வரும். முட்டையை உடைக்காமல் எடுக்க அது வேண்டும்தான். ஆனால் பொம்மையின் கை விலை உயர்ந்த சாமான். பெண்கள் அதை அங்கே இங்கே இடித்துக்கொண்டே இருந்தார்கள் என்று கம்பெனி வலியையும் கொஞ்சம் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தது. வலித்தால் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள் அல்லவா! அந்த யோசனையைச் சொன்ன மகராசனுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்களாம்.

ஒரு நாள் சலோனாவில், அவள் வேலை பார்த்த லொரேன் மேடம் வீட்டில், மேடத்தின் கணவர் போன் பேசிக்கொண்டே கார் கதவைச் சாத்தினார். பொம்மையின் வலது கை நடுவில் இருந்தது. சுரண்டையில் பேச்சி போட்ட அலறலில் மண்டபத்தின் பழைய ஸ்பீக்கரே ஒரு தடவை கொர் என்றது.

பொம்மைக்கு அன்றைக்கே புதுக் கை வந்துவிட்டது. வாரண்டியில் இருந்ததாம். உறை இறுக்கிய இறுக்கில் பேச்சியின் மணிக்கட்டுக்குள் நரம்பு நைந்துபோயிருந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல்கள் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிடும் என்று தென்காசி டாக்டர் சொன்னார். அதற்கு ஆகிற செலவைக் கேட்டுவிட்டு, லோடு ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் சுடலைமுத்து ஆட்டோவைத் துடைக்கப் போனான்.

பேச்சி மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு மேனேஜரிடம் போனாள். அவர் பெயர் ஆசீர்வாதம். பெயரோடு சரி.

"நானும் கேக்காத எடமில்லம்மா" என்றார். "இங்க லேபர் ஆபீஸ்ல, வேல நடக்குற எடம் சலோனா, அங்க போயிக் கேளுன்னுட்டாங்க."

"சலோனாவுல?"

"அங்க, அந்தப் பொம்பள எங்க நாட்டுக்கு வரவே இல்லியேங்கான்."

"அப்பம் நாலு வருசமா அந்த வீட்டுப் பாத்திரத்தத் தேச்சது எவ? எங்க மாமியாளா?"

"சட்டப்படி பாத்தா, பொம்மதான் தேச்சுது. நீ அதுல ஒரு பாகம்."

பேச்சி கையை அவர் மேசைமேல் வைத்தாள். "பாகம்னா வாரண்டி உண்டுல்லா சார்? அதுக்கு அன்னைக்கே புதுசு மாட்டுனீங்கள்லா. எனக்கும் ஒண்ணு மாட்டிருங்க, நான் போயி வேலையப் பாக்கேன்."

ஆசீர்வாதம் அவசரமாக எதையோ தேடக் குனிந்தார். அவள் வெளியே போகிற வரைக்கும் நிமிரவில்லை.

வேறு வழி? இருக்கிற வேலையையும் விட்டால் அடுப்பு எரியாது. துணிக்கட்டோடு மறுபடி உறையை மாட்டிக்கொண்டாள். வலது கையால் செய்ததை எல்லாம் இடது கையால் செய்யப் பழகினாள். லொரேன் மேடம், பொம்மைக்கு என்ன, இடது கைப் பழக்கம் வந்துவிட்டதா என்று கம்பெனிக்குப் புகார் எழுதினாள்.

அந்த வாரம்தான் புஷ்பராணி அவள்மேல் துப்பினாள்.

காய்கறி வாங்கிக்கொண்டு பொம்மை திரும்பி வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில், ரத்தமும் சதையுமாக அங்கேயே தங்கி வேலை பார்க்கும் புஷ்பராணி, வாசல் கூட்டுவதை நிறுத்திவிட்டுப் பொம்மையின் வெள்ளை நெஞ்சில் காறித் துப்பினாள். பேச்சி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். எங்கள் பக்கத்தில் தண்ணீர்க் குழாயடியில் மட்டும் புழங்கும் வார்த்தை, அச்சில் வராது. கருவி தன்னிடமிருந்த பாஷைகளை எல்லாம் புரட்டிப் பார்த்தது. ஈடான சொல் எதுவும் அகப்படாமல், அதை அப்படியே தமிழில் வெளியே விட்டது.

துடைப்பம் கீழே விழுந்தது.

"ஆத்தாடி! இதுக்குள்ள ஒரு தமிழ்ப் பொம்பள இருக்கா!"

"இல்லாம? பேயா இருக்கு? ஏன் துப்புன?" எதிராளி தமிழ் பேசினால் கருவி ஒதுங்கிக்கொள்ளும்.

"மிசின்னு நெனச்சி துப்பினேன்" என்றாள் அவள். அவளுக்கு இலங்கையில் பதுளைப் பக்கம், தேயிலைத் தோட்டம். "மனுசின்னு தெரிஞ்சா துப்புவனா? நில்லுங்க, தொடச்சி விடுறேன்."

முந்தானையால் துடைத்துக்கொண்டே புஷ்பராணி தன் கோபத்தின் கதையைச் சொன்னாள். வெளிநாட்டிலிருந்து வந்த வேலைக்காரப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து சங்கம் வைத்து, ரோட்டில் உட்கார்ந்து, தண்ணீர் பீய்ச்சி அடித்த பிறகும் எழுந்திருக்காமல் ஒரு சட்டத்தை வாங்கியிருந்தார்கள். வேலையில் அடிபட்டால் வைத்தியம் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் லீவு. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது. உள்ளூர்ப் பெண்ணுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை வந்தவளுக்கும்.

"அந்தச் சட்டம் வந்த அடுத்த வருசமே ஒங்க பொம்மைங்க கப்பல்ல வந்து எறங்கிருச்சி. எங்க ஆளுகள்ல பாதிப்பேர ஊருக்கு அனுப்பிட்டாங்க. மிசின் லீவு கேக்காதாம். காச்சல் வராதாம்."

"காச்சல் எனக்கு வருது. வீட்டுல போயி வச்சிக்கிடுதேன்" என்றாள் பேச்சி.

புஷ்பராணி சிரிக்கவில்லை. பேச்சியின் கைக்கு நடந்ததைக் கேட்டபோது அவள் முகம் மாறியது. "அக்கா, நீங்க இந்த நாட்டுல இருக்கீங்கன்னு ஒருத்தன் ஒத்துக்கிட்டா போதும். சட்டம் ஒங்களுக்கும்தான். ஆனா எவன் ஒத்துக்குவான்?"

அதற்குப் பிறகு தினமும் வாசலில் இரண்டு நிமிஷம் பேசிக்கொள்வார்கள். துடைப்பத்தோடு ஒருத்தி, ஒட்டின சிரிப்போடு ஒரு பொம்மை. தெருவில் போகிறவர்கள், வேலைக்காரி மெஷினோடு பேசுகிறாள், பாவம், தனிமை முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொள்ள ஆள் கிடைத்தது பேச்சியின் சாமர்த்தியத்தால் இல்லை. சுரண்டைக்காரி ரோட்டைக் கடக்கிற விதத்தால்.

சுரண்டை பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் யாரும் சிக்னலுக்காக நிற்பதில்லை. இருந்தால்தானே நிற்க. வருகிற பஸ்ஸைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டிவிட்டு இறங்கி நடக்க வேண்டியதுதான். டிரைவர் வைவான், ஆனால் நிற்பான். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நடக்கத் தெரிந்ததும் கூடவே வந்துவிடும். சலோனாவில் அப்படிச் செய்யக் கூடாது என்று பேச்சிக்குத் தெரியும். நாலு வருஷமாகச் செய்ததும் இல்லை. அன்றைக்கு மணிக்கட்டு விண்விண் என்று தெறித்ததில், எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது. தீவின் பெரிய நாற்சந்தியில், சிவப்பு விளக்கு எரியும்போது, இடது உள்ளங்கையைக் காட்டிவிட்டு இறங்கிவிட்டாள்.

சலோனாவில் கார்களுக்கு டிரைவர் கிடையாது. தானாக ஓடும் அந்தக் கார்களுக்குப் சொல்லிக் கொடுத்திருந்த பாடத்தில், உயர்த்திய உள்ளங்கை என்றால் போலீஸ். போலீஸ் மறுபடி கையசைத்து விடும்வரை நகரக் கூடாது. பேச்சிக்கு அசைத்து விடும் பழக்கம் எங்கே இருக்கிறது? அவள் பாட்டுக்குக் கடந்து போய்விட்டாள். கார்கள் அடக்க ஒடுக்கமாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் வந்தவை நின்றன. அன்று காலை பாதித் தீவு ஆபீஸ் போய்ச் சேரவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் போலீஸ் பொம்மையை மடக்கியது.

இயந்திரம் பழுதா, ஆளின் தவறா என்று கேட்டார்கள். இயந்திரம் பழுது என்று ஆனால், சோதனை முடிகிற வரைக்கும் தூரக்கையின் எல்லாப் பொம்மைகளையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். ஆசீர்வாதம் நாற்காலி வரிசைக்குள் ஓடி வந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தார்கள்.

"பேச்சி, கோர்ட்டுல கூப்புடுவாங்க. ஆமா, நான்தான் கடந்தேன்னு சொல்லிரு தாயி. அபராதம் எவ்வளவானாலும் கம்பெனி கட்டிரும்."

"நான் பாகம்லா சார்? பாகம் எப்படி ரோட்டக் கடக்கும்?"

"வெளையாடாத. பொம்மைய நிறுத்துனா இங்க அத்தன பேருக்கும் வேல போயிரும்."

அது உண்மைதான். பக்கத்து நாற்காலி ஜமீலா உறையைக் கழற்றாமலே இவள் பக்கம் திரும்பினாள். ஜமீலாவின் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். பேச்சி முகமூடியைப் போட்டுக்கொண்டாள்.

நீதிமன்றத்தில் பொம்மையைக் கூண்டில் நிறுத்தினார்கள். நீதிபதி ஒரு வயதான அம்மா. சளிப் பிடித்து, மூக்கு சிவந்து, யார் மேலாவது எரிந்து விழக் காத்திருந்தாள். சாலைக் குற்றங்களுக்கு வக்கீல் இல்லாமல் சங்கத்தின் ஆள் பேசலாம் என்பதால் பேச்சிக்காகப் புஷ்பராணி வந்திருந்தாள். பேச்சியின் கைக்கு நடந்ததையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தாள். அவள் அந்த ஊர்ப் பாஷையில் பேசினாள். கருவி அதைத் தமிழாக்கிப் பேச்சியின் காதில் போட்டது. வாசலில் துடைப்பத்தோடு கதைத்தவள் இப்போது ரேடியோவில் செய்தி வாசிப்பதைப்போல இருந்தாள்.

கம்பெனி வக்கீல் நல்ல உயரம், நல்ல கோட்டு. "இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை, மதிப்பிற்குரிய நீதிபதி அவர்களே. அது சொன்னதைச் செய்யும் சாதனம். சிவப்பு விளக்கைப் பார்த்தது அந்தப் பெண். கையை உயர்த்தியது அந்தப் பெண். சாலையில் இறங்கி நடந்ததும் அந்தப் பெண்ணே. முழுப் பொறுப்பும் அவருடையது."

"நிச்சயமாக?" என்றாள் நீதிபதி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"சத்தியமாக."

புஷ்பராணி எழுந்தாள். "ஒரே ஒரு கேள்வி. வக்கீல் ஐயா, அந்த நேரத்தில் இந்த நாட்டின் சாலையில் இருந்தது யார்?"

"அந்தப் பெண்தான் என்று எத்தனை முறை…" வக்கீலின் வாய் திறந்தபடி நின்றது. பேச்சி அவ்வளவு பக்கத்தில் ஒரு படித்த மனுஷனின் கடைவாய்ப் பல்லைப் பார்த்ததில்லை.

"குறித்துக்கொள்ளுங்கள்" என்றாள் நீதிபதி குமாஸ்தாவிடம்.

"மதிப்பிற்குரிய நீதிபதி அவர்களே, நான் சொல்ல வந்தது, ஒரு பொருளில்…"

"உட்காருங்கள். உங்களால்தான் எனக்குத் தலைவலி." நீதிபதி கூண்டின் பக்கம் திரும்பி, பொம்மையின் சிரித்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பெண்ணே, யோசித்துப் பதில் சொல். சாலையில் நான் இல்லை என்று நீ சொன்னால், இது இயந்திரத்தின் பழுது. நீ வீட்டுக்குப் போகலாம். இருந்தேன் என்று சொன்னால், அடிபட்டவளுக்கு உரிய சட்டம் உனக்கும் பொருந்துமா என்று நான் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் விசா இல்லாமல் இந்த நாட்டுக்குள் வந்த குற்றமும் உன் தலையில் விழும். நீ இருந்தாயா?"

சுரண்டையில் மண்டபத்தில் மற்ற பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சுவரிலிருந்த திரையைப் பார்த்தார்கள். சலோனாவில் அந்த நேரம் பல வீடுகளில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

"இருந்தேம்மா" என்றாள் பேச்சி. "அன்னைக்கி மட்டும் இல்ல. நாலு வருசமா தெனமும் இருந்தேன். ஒங்க ஊருல மழ வந்தா எந்த வீட்டு மொட்டமாடியில துணி கெடக்குன்னு எனக்குத் தெரியும். அந்த வீட்டு ஐயாவுக்கு நெஞ்சு வலி வந்தப்பம் தூக்கி உக்கார வச்சது நான். எங்க வீட்டுல எம் புருசன் சோத்துக்குக் காத்துக் கெடந்தான், நான் இங்க நின்னேன். கதவுக்குள்ள மாட்டுனது எங் கையி. வலிச்சது எனக்கு. நான் இங்க இல்லன்னா அந்த வலி எப்படி எனக்கு வந்துச்சு? நீங்களே சொல்லுங்க."

கருவி இதையும் தேனொழுக மாற்றித்தான் சொல்லியிருக்கும். ஆனால் நீதிபதி மூக்கைத் துடைக்க எடுத்த கைக்குட்டையைத் துடைக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. பேச்சியம்மாள் சலோனாவில் இருந்தாள். ஆகவே சலோனாவில் வேலை பார்த்தாள். ஆகவே சட்டம் அவளுக்கும் உண்டு. ஆபரேஷனைக் கம்பெனி செய்து வைக்க வேண்டும். அது முடிந்ததும், விசா இல்லாமல் வந்த குற்றத்துக்கு அவளை நாடு கடத்த வேண்டும். இனி ஆயுசுக்கும் அந்த நாட்டில் கால் வைக்கக் கூடாது.

"யாரை நாடு கடத்துவது?" என்று பதறினார் வக்கீல். "அந்தப் பெண் அவர் நாட்டில் அல்லவா இருக்கிறார்!"

"இங்கே இருந்தது எந்த உடம்போ, அந்த உடம்பை."

"அது எங்கள் பொருள்!"

"சாலையில் நடந்தபோது அது அந்தப் பெண் என்று சத்தியம் செய்தீர்கள்" என்று சொல்லிவிட்டு நீதிபதி திருப்தியாக ஒரு தும்மல் போட்டாள்.

கைக்குத் திருநெல்வேலியில் வைத்தியம் நடந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. சுண்டுவிரல் மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கிறது. சலோனா அரசாங்கத்துக்குத்தான் வைத்தியம் கிடைக்கவில்லை. ஒருத்தி விசா இல்லாமல் வந்தவள் என்றால் பொம்மைக்குள் இருக்கும் அத்தனை பேரும் அப்படித்தானே? எல்லாரையும் நாடு கடத்தினால் தீவில் எச்சில் தட்டைக் கழுவ ஆளில்லை. மந்திரிகள் உட்கார்ந்து யோசித்தார்கள், மந்திரிகளின் மனைவிமார்கள் அவர்களைவிட வேகமாக யோசித்தார்கள். கடைசியில் எல்லாருக்கும் வேலை விசா கொடுத்து, புஷ்பராணியின் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள்.

பேச்சியைத் தவிர. அவள்தான் நாடு கடத்தப்பட்டவள் ஆயிற்றே.

"ஒன்ன உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவும்மா" என்று மண்டப வாசலிலேயே நிறுத்திச் சொன்னார் ஆசீர்வாதம். அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உள்ளேயிருந்து ஜமீலா எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேச்சிக்கு எரிச்சலாக வந்தது. எல்லாருக்கும் கிடைத்தது தனக்கு மட்டும் இல்லை என்று ஒரு மனுஷிக்குத் தோன்றாமல் இருக்குமா? தோன்றியது. வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக உருட்டினாள்.

நாடு கடத்தும் நாள் வந்தது. மதுரை விமான நிலையத்துக்கு அவளும் சுடலைமுத்துவும் லோடு ஆட்டோவிலேயே போனார்கள். உடம்பு தன் காலால் நடந்து வெளியேற வேண்டும் என்பது உத்தரவு என்பதால், கம்பெனி பல்லைக் கடித்துக்கொண்டு முகமூடியையும் உறையையும் கால் மிதியையும் கொடுத்து அனுப்பியிருந்தது. வெளியே வருகிற வாசலுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பேச்சி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டாள். துபாயிலிருந்து வரும் பெண்களுக்காக மாலையும் பிள்ளைகளுமாக நின்றவர்கள் அவளை வேடிக்கை பார்த்தார்கள். சுடலைமுத்து அவளுக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

உள்ளே, குடியுரிமை அதிகாரி பொம்மையைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடி பொம்மையைப் பார்த்தார். இதற்கெல்லாம் தனக்குச் சம்பளம் பத்தாது என்பது முகத்தில் தெரிந்தது. பழக்க தோஷத்தில் எல்லாரிடமும் கேட்பதையே கேட்டார்.

"எங்கருந்து வர்றீங்க?"

"சலோனா."

"என்ன வேலை?"

"வீட்டு வேலை."

"எத்தனை வருஷம்?"

"நாலு."

"நடுவுல ஊருக்கு வந்தீங்களா?"

நாலு வருஷத்தில் ஒரு மனுஷரும் பேச்சியிடம் இதைக் கேட்டதில்லை. "தெனம் வந்தேன் சார்" என்றாள். "தெனம் வந்து, சோறு பொங்குனேன்."

அதிகாரி முத்திரையை ஊதி, தாளில் அழுத்திக் குத்தினார். "போங்கம்மா. வீட்டு ஆளுங்க வந்திருப்பாங்க."

மிதித்தாள். கண்ணாடிக் கதவு திறந்தது. பொம்மையின் கண் வழியாக அவள் வெளியே பார்த்தபோது, எதிரே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோய், நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கண் மூடப்பட்டு, மணிக்கட்டில் தையல் வடுவோடு. யார் பெற்ற பிள்ளையோ, எவ்வளவு களைத்திருக்கிறாள் என்றுதான் பேச்சிக்கு முதலில் தோன்றியது. அது தான் என்று புரிய ஒரு நொடி ஆனது.

பெஞ்சுக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. ஜமீலா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மண்டபத்து நாற்காலிகள் எல்லாம் காலியாகி வந்ததுபோல ஒருத்தி, இன்னொருத்தி, இன்னும் இன்னும். சில பேர் கையில் பிள்ளை. ஒருத்தி கையில் தூக்குச்சட்டி.

பேச்சி முகமூடியைப் பிடுங்கி எறிந்தாள். கதவருகே பொம்மை அந்தரத்தில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டது.

"ஏளா ஜமீலா! மொத்தமா கெளம்பி வந்துட்டிய, வேலைய எவ பாக்கா?"

"லீவுக்கா" என்றாள் ஜமீலா. அவள் வாய் கோணிக்கொண்டது. "எங்களுக்கு இன்னைக்கி மொத லீவு."

பேச்சி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"கூறுகெட்டவளுவளா! நாலு வருசம் கழிச்சி ஒரு லீவு கெடைச்சா, வீட்டுல காலை நீட்டிப் படுத்து ஒறங்காம, என்னப் பாக்கவா வந்திய?" என்று சத்தம் போட்டாள். போட்டுக்கொண்டே ஜமீலாவின் தோளில் சாய்ந்து, விமான நிலையமே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.